நிலப்பிளவும் எரிமலையும்

பாலக்காட்டுச் சித்தூர் வட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிக் கிடப்பது எருத்தேன்பதி. அதற்கு அண்மையில் இருப்பது வடகரப்பதி. தமிழ் பேசுவோர் மிகுதியாக வாழும் இவ்வட்டாரம், மலையாள நாட்டின் பிற பகுதிகளைப் போல மழைவளம் மிக்கதன்று. பனையும் நிலக்கடலையும் ஆழ்குழாய்க் கிணறுமே இதன் அடையாளங்கள். கேரள மாநிலத்தில் கரிசல் மண்ணைக் காண விரும்புவோர் இச்சித்தூர்ப் பக்கத்திற்குத்தான் வரவேண்டும். பிற இடங்களில் அதனைக் காண்டல் அரிது.

பள்ளியில் நாம் படித்த பாடம் ஒன்று இங்கே நினைவுக்கு வரும். எரிமலைக் குழம்பு ஆறிப் பாறையாகி, அப்பாறை சிதைந்து கரிசல் மண் உண்டாயிற்று என்பது அப்பாடம். அதனை நெஞ்சில் கொண்டு இவ்வட்டாரத்து நிலத்தை நோக்கும் மாணவன் என்ன எண்ணுவான்? வடக்கே வாளையார் மலைகளும் அவற்றின் பின்னே நீலகிரியும் நிற்கின்றன. தெற்கே நெல்லியம்பதியும் ஆனைமலையும், அவற்றிற்கு அப்பால் இடுக்கியின் ஏலமலையும் எழுகின்றன. தொட்டபெட்டா 2,637 மீட்டர். ஆனைமுடி 2,695 மீட்டர். இவ்விரு மலைத்தொகுதிகட்கும் இடையே ஏறத்தாழ 30 கிலோமீட்டர் அகலத்தில், கத்தியால் அறுத்தெடுத்தாற் போலப் பாலக்காட்டுக் கணவாய் கிடக்கின்றது. மலை பிளந்திருக்கிறது, மண் கறுத்திருக்கிறது. ஆகவே இங்கே ஒரு காலத்தில் எரிமலை வெடித்திருக்க வேண்டும் என்று அவன் முடிவு கட்டினால் அவனைக் குறை கூற இயலாது.

இம்முடிவு வெறும் ஏட்டுச் சிக்கலாக நின்றுவிடவில்லை. 2000 டிசம்பர் 12ஆம் நாள் ஈராற்றுப்பேட்டைப் பக்கம் நிலம் அதிர்ந்தது; அளவு 5.0. அடுத்த மாதமே, 2001 ஜனவரி 7ஆம் நாள், 4.8 அளவில் மீண்டும் அதிர்ந்தது. அவ்வாண்டு நடுவில் கேரளத்தில் செந்நிற மழை பெய்தது. கிணறுகள் சில இடிந்து உள்வாங்கின. செம்மழைக்குக் காரணம் பாசியின் வித்துகள் என்று பின்னர் ஆய்வாளர் கண்டறிந்தனர். ஆயினும் நிலம் அதிரும்போதெல்லாம் ‘மலை தீக்கக்கப் போகிறது’ என்ற பேச்சு மலைநாட்டில் எழத்தான் செய்கின்றது. மேடையிலும் தெருவிலும் அப்பேச்சைக் கேட்போருக்கு விடை கூற வேண்டியவர் படித்த மாணவரே அன்றோ? நிலப்பிளவுக்கும் எரிமலைக்கும் உள்ள உறவு யாது, நம் மலைகளில் அவ்வுறவு எப்படி இருந்தது, இன்று எப்படி இருக்கிறது என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

பிளவு என்பது யாது?

பாறை உடைந்து, உடைந்த இரு பக்கங்களும் ஒன்றையொன்று உரசி இடம் பெயர்ந்திருந்தால் அதனை நிலப்பிளவு என்கிறோம். வெறும் விரிசல் நிலப்பிளவு ஆகாது, பெயர்ச்சி வேண்டும். நிலம் இழுபடும் இடத்தில் ஒரு பக்கம் கீழே இறங்கும். நிலம் நெருக்குண்ணும் இடத்தில் ஒரு பக்கம் மற்றொன்றின் மேல் ஏறும். சில இடங்களில் ஏறுவதும் இறங்குவதும் இன்றிப் பக்கவாட்டில் நழுவும். இம்மூன்றையும் வேறுபடுத்தி அறிதல் மிகவும் இன்றியமையாதது. ஏனெனில் எரிமலையோடு இவை கொள்ளும் உறவு ஒரே தன்மையதன்று.

நிலத்தடியில் எங்கும் தீக்குழம்பு ததும்பி நிற்கின்றது, மேலே ஒரு துளை விழுந்தால் அது பீறிட்டு வரும் என்று எண்ணுவோர் பலர். இஃது உண்மையன்று. நம் காலடியில் உள்ள புவியோடும், அதற்குக் கீழே ஏறத்தாழ 2,900 கிலோமீட்டர் வரை செல்லும் உள்ளடுக்கும் திண்ணிய பாறைகளே. நீர்மத்தினூடே செல்ல மாட்டாத நிலநடுக்க அலைகள் சில இவ்வடுக்கின் வழியே தடையின்றிச் செல்வதால் இதனை அறிஞர் தெளிந்தனர். அவ்வளவு சூட்டிலும் பாறை உருகாதிருப்பது எதனால்? மேலுள்ள சுமையின் அழுத்தத்தால். மூடிய குக்கரில் நீர் 100 பாகைச் சூட்டைக் கடந்தும் கொதிக்காமல் இருப்பது போன்றது இது.

அழுத்தம் குறைந்தால் பாறை உருகும். புவியோடு இழுபட்டு மெலியும் இடங்களில் நடப்பது இதுவே. பனிக்கட்டியின் மேல் உப்பைத் தூவினால் அது உருகுவது போல, ஆழத்துப் பாறையில் நீர் கலந்தாலும் உருகும். கடலடித் தட்டு ஒன்று மற்றொரு தட்டின் கீழ்ப் புகும் இடங்களில் இது நிகழ்கின்றது. ஆழத்திலிருந்து மிகுசூடான பாறைத்திரள் மெல்ல எழுந்து வந்தாலும் உருகும். இம்மூன்றில் ஒன்றேனும் இல்லாத இடத்தில் தீக்குழம்பு இல்லை; தீக்குழம்பு இல்லாத இடத்தில் ஆயிரம் பிளவு இருந்தும் எரிமலை இல்லை.

மற்றொன்றும் கருதத்தக்கது. பாறை நொறுங்கி உடைவது புவியோட்டின் மேற்பகுதியில்தான். பெரும்பாலும் 15, 20 கிலோமீட்டருக்குக் கீழே சூட்டால் இளகி நெளியுமேயன்றி உடைவதில்லை. பாறை உருகுவதோ அதனினும் பன்மடங்கு ஆழத்தில். ஆகவே நிலப்பிளவு தானாகக் கீழிறங்கிச் சென்று தீக்குழம்பைத் தோண்டி எடுத்து வருவதில்லை. சுற்றியுள்ள பாறையினும் கனம் குறைந்தமையால் தீக்குழம்பு தானே மேல்நோக்கி வருகின்றது. வந்தபின், மேலோட்டில் எவ்விடத்தில் எளிதாக நுழையலாம் என்பதையே பிளவுகள் முடிவு செய்கின்றன.

கல்லுடைப்போர் செய்வதைக் கண்டவர்க்கு இது விளங்கும். பெரும்பாறையில் வரிசையாகத் துளையிட்டு, அவற்றில் ஆப்புகளை வைத்து அடிப்பர். பாறை ஆப்பின் வரிசைப்படியே பிளக்கும். ஆனால் அப்பாறையின் இருபுறமும் வேறு பாறைகள் இறுக நெருக்கிக்கொண்டிருந்தால் எத்தனை அடித்தாலும் வாய் திறவாது. தீக்குழம்பும் ஓர் ஆப்பே. நிலத்தை நெருக்கும் விசை எத்திசையில் மிகக் குறைவோ, அத்திசையில் பாறையை விலக்கிக்கொண்டு அது நுழையும். ஸ்காட்லாந்து நாட்டு ஆண்டர்சன் என்பார் இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் இக்கருத்தைக் கணக்கோடு நிறுவினார். இழுபடும் நிலத்தின் பிளவு திறந்த கதவு. நெருக்குண்ட நிலத்தின் பிளவு சாத்திய கதவு. உலகிலேயே பெரிய ஏற்றப்பிளவுகள் சிலவற்றைத் தன் அடியில் கொண்ட இமயமலையில் எரிமலை வரிசை இல்லாமைக்கு இந்நெருக்கமும் அங்குள்ள புவியோட்டின் பெருந்தடிப்பும் காரணங்கள்.

நம் மலைகள் எத்தகைய கல்?

இனி நம் மலைகளுக்கு வருவோம். நீலகிரி, ஆனைமலை, ஏலமலை ஆகியவற்றின் பெரும்பகுதி சார்னோகைட் என்னும் பாறையாலும் அதனோடு உறவுடைய வரிப்பாறைகளாலும் ஆனது. கல்கத்தாவில் யோபு சார்னோக்கின் கல்லறையில் இருந்த கல்லுக்கும் நம் சென்னைப் பரங்கிமலைக் கல்லுக்கும் ஒற்றுமை கண்ட ஹாலந்து என்பார் 1893இல் இப்பெயரை இட்டார். எரிமலை கக்கிய கல் அன்று இது. புவியோட்டின் ஆழத்தில், 20 முதல் 30 கிலோமீட்டர் கீழே, 700 பாகைக்கும் மேற்பட்ட வெப்பத்தில் வெந்து உருமாறிய கல். நீலகிரிப் பாறைகள் ஏறத்தாழ 250 கோடி ஆண்டுப் பழமை உடையன. மேலிருந்த சுமை முழுவதும் கோடிக்கணக்கான ஆண்டுகளாக அரிக்கப்பட்டுப் போக, அடித்தளமே இன்று மலையாக நிற்கின்றது. வீட்டின் கூரையும் சுவரும் போய்க் கடைக்கால் மட்டும் எஞ்சியதைப் பார்ப்பது போன்றது நாம் உதகைக்கும் மூணாற்றுக்கும் சென்று பார்ப்பது.

பாலக்காட்டுக் கணவாயோ ஒரு பழைய நழுவல் மண்டலத்தின்மேல் அமைந்தது. பாலக்காட்டிலிருந்து காவிரிப் பக்கமாகக் கிழக்கே நீளும் இம்மண்டலத்தில், ஏறத்தாழ 55 கோடி ஆண்டுகட்கு முன், இன்றைய இந்தியா, மடகாசுகர், ஆப்பிரிக்கா முதலியன ஒரே பெருநிலமாக இணைந்த காலத்தில், பாறைகள் ஆழத்தில் பிசைந்த மாவு போல இழுபட்டு நெளிந்தன. அந்நெளிவை இன்றும் பாலக்காட்டு வரிப்பாறைகளில் கண்ணாற் காணலாம். கணவாயின் பள்ளம் நிலம் உள்வாங்கியதால் உண்டாயிற்று என்பாரும், நலிந்த பாறையை ஆறுகள் அரித்ததால் உண்டாயிற்று என்பாரும் உளர். பின்னதே எனக்குப் பொருத்தமாகத் தோன்றுகிறது. நெளிந்து நலிந்த பாறை அரிப்பிற்கு எளிதில் இரையாகும். எவ்வாறாயினும் எரிமலை வெடித்ததனால் வந்த பள்ளம் அன்று என்பதில் ஐயமில்லை.

அங்ஙனமாயின் சித்தூர்க் கரிசல் மண் எங்கிருந்து வந்தது? பள்ளிப் பாடம் மகாராட்டிரத்துக்கு உண்மை, நமக்கு அன்று. கரிசலைக் கரிசலாக்குவது, நீர் பட்டால் உப்பி, காய்ந்தால் வெடிக்கும் ஒருவகைக் களிமண்ணே. சுண்ணாம்புச் சத்தும் மக்னீசியமும் உள்ள பாறை, மழை குறைந்த தாழ்நிலத்தில், நீர் வடியாமல் சிதைந்தால் அக்களிமண் உண்டாகும். வாளையாற்றில் சிமெண்டு ஆலை எழுந்தது அங்குள்ள சுண்ணாம்புக் கல்லை நம்பியே. எரிமலைக் குழம்பே இல்லாத கோவில்பட்டிப் பக்கத்திலும் வரிப்பாறைமேல் கரிசல் படிந்திருப்பதை நாம் அறிவோம். மண்ணின் நிறம் கொண்டு எரிமலையை ஊகித்தல் ஆகாது.

பழைய தீயின் சுவடுகள்

இவ்வாறு கூறியதனால் நம் மலைகளில் தீக்குழம்பே நுழைந்ததில்லை என்று கொள்ளற்க. நுழைந்திருக்கிறது, பலமுறை நுழைந்திருக்கிறது. அதன் சுவடுகளைக் கல் குவாரிக்காரர் நன்கறிவர். வெளிறிய வரிப்பாறையின் நடுவே, மதில் எழுப்பினாற் போல, நேர்க்கோட்டில் ஓடும் கறுத்த கல்லைப் பார்த்திருப்பீர்கள். அதற்கு டைக் என்று பெயர். பிளவில் நுழைந்த தீக்குழம்பு அங்கேயே உறைந்து சுவராகியது. அதனை உடைத்துப் பார்த்தால் ஓரங்களில் மணிகள் மிக நுண்ணியவாகவும் நடுவில் பருத்தும் இருக்கும். குளிர்ந்த பாறையைத் தொட்ட ஓரம் விரைவில் உறைந்தது. நடுப்பகுதி மெல்ல ஆறியது. இவ்வொரு அடையாளம் போதும், அது வெளியிலிருந்து வந்து புகுந்த கல் என்று காட்ட. அட்டப்பாடியில் அகளி முதல் கோவைப் பக்கம் வரை காணப்படும் டைக்குகள் ஏறத்தாழ 200 கோடி ஆண்டுப் பழையன.

இவற்றினும் வியப்பானது தருமபுரிப் பக்கத்துச் செய்தி. திருப்பத்தூரை அடுத்த ஏலகிரி, சேவாத்தூர், கொரட்டி, பின் சாமல்பட்டி, சேலத்துப் பக்கநாடு என்று வடகிழக்கிலிருந்து தென்மேற்கு நோக்கி ஓர் வரிசை செல்கின்றது. இவ்விடங்களில் எல்லாம் சுற்றுப்புறப் பாறைக்குச் சிறிதும் ஒவ்வாத தனிக் கற்கள் உண்டு. ஏலகிரி மலையே சயனைட் என்னும் ஆழக்குழம்புப் பாறையால் ஆனது. சேவாத்தூரில் இருப்பதோ கார்பனடைட். பார்வைக்குச் சுண்ணாம்புக் கல் போன்றது, ஆனால் கடலில் படிந்ததன்று, உருகிய குழம்பாக ஆழத்திலிருந்து வந்தது. அங்கே வெட்டியெடுக்கப்படும் வெர்மிகுலைட்டு என்னும் கனிமமும் இக்குழம்பின் பயனே. காலம் ஏறத்தாழ 75 முதல் 80 கோடி ஆண்டுகட்கு முன். இவ்வரிசை ஏன் வரிசையாக நிற்கின்றது? 1971இல் கிரேடி என்னும் ஆய்வாளர் தென்னிந்தியாவின் ஆழ்ந்த பெரும்பிளவுகளைப் பற்றி எழுதிய கட்டுரையில் இவ்வட்டாரத்துப் பிளவுகளைச் சுட்டினார். அப்பிளவுகளை ஒட்டியே இக்கற்கள் அமைந்துள்ளன.

இடுக்கிக்கும் இதில் பங்குண்டு. மூணாற்றில், சார்னோகைட்டின் நடுவே இளஞ்சிவப்புக் கருங்கல் ஒன்று புகுந்துள்ளது. அதன் வயது ஏறத்தாழ 74 கோடி ஆண்டு. அதனருகே கார்பனடைட்டும் இருப்பதை ஆய்வாளர் கண்டு எழுதியுள்ளனர். ஆத்தூர்ப் பிளவின் தென்மேற்கு நீட்சியை இப்பாறைகளோடு அவர்கள் பொருத்திக் காட்டுவர். தேயிலைத் தோட்டத்தில் படம் எடுத்துக்கொள்ளும் நம்மவர் எத்தனை பேர் காலடியில் கிடக்கும் இச்செய்தியை அறிவர்?

கார்பனடைட்டைப் பற்றி மேலும் ஒரு சொல். இன்று உலகில் கார்பனடைட்டுக் குழம்பைக் கக்கும் எரிமலை ஒன்றே ஒன்றுதான். அது தான்சானியாவில் உள்ள ஒல் தோயின்யோ லெங்காய். மசாய் மக்களின் மொழியில் அதன் பொருள் ‘கடவுள் மலை’ என்பது. 1960இல் டாசன் என்பார் அதன் வாயினுள் இறங்கி, கறுத்த சேறு போல ஓடிப் பின் காற்றுப்பட்டு வெளுக்கும் குழம்பைக் கண்டார். மற்றை எரிமலைக் குழம்பு 1,100 பாகைச் சூட்டில் ஓட, இஃது 500 முதல் 600 பாகையிலேயே ஓடும். இம்மலை எங்கே நிற்கின்றது? கிழக்காப்பிரிக்கா இழுபட்டுப் பிளந்துகொண்டிருக்கும் பெரும்பள்ளத்தாக்கில், கீழிறங்கும் பிளவுச் சுவரின் அருகே நிற்கின்றது. தருமபுரி வட்டாரமும் ஒரு காலத்தில் அங்ஙனம் இழுபட்ட நிலமாய் இருந்தது என்று அறிஞர் பலர் கருதுவதற்குக் காரணம் இவ்வொப்புமையே. அங்கே மேலே எரிமலைகள் நின்றிருந்தால் அவை அரிப்புண்டு மறைந்தன. அவற்றின் வேர்களை மட்டுமே நாம் காண்கிறோம்.

இவற்றிற்கெல்லாம் மிகப் பின்னர், ஏறத்தாழ 8.8 கோடி ஆண்டுகட்கு முன், மடகாசுகர் நம் மேற்குக் கரையிலிருந்து பிரிந்தது. பிரிந்த அக்காலத்தில் மடகாசுகர் எங்கும் தீக்குழம்பு வழிந்தது. நம் பக்கத்திலோ சிறிதளவே. உடுப்பி அருகே மால்பேக் கடலில் உள்ள புனித மேரித் தீவுகளில், அறுகோணத் தூண்களை அடுக்கினாற் போல நிற்கும் பாறைகள் அக்காலத்து எரிமலைக் குழம்பு உறைந்தவை. கேரளத்தில், இடமலையாறு முதலிய இடங்களில், கடற்கரைக்கு ஏறத்தாழ இணையாக வடமேற்கு தென்கிழக்காக ஓடும் டைக்குகள் உண்டு. அவற்றுள் சில இப்பிரிவின் காலத்தன. வேறு சில அதற்கு ஏறத்தாழ 2 கோடி ஆண்டு பிற்பட்டு, தக்காணக் குழம்பின் காலத்தை அடுத்தன. நிலம் எத்திசையில் இழுபட்டதோ அதற்குக் குறுக்கே சுவர் எழுந்திருப்பதை நோக்குக. ஆண்டர்சனின் ஆப்புக் கணக்கு இங்கே பொருந்துகின்றது.

ஆனால் எல்லா இடத்திலும் அது பொருந்தும் என்று அவசரப்படலாகாது. தக்காணக் குழம்புப் பரப்பே அதற்குச் சான்று. 6.6 கோடி ஆண்டுகட்கு முன் வழிந்த இக்குழம்பு, இன்றும் 5 லட்சம் சதுரக் கிலோமீட்டர் அளவு எஞ்சியுள்ளது. மகாராட்டிரத்தின் மிக உயர்ந்த சிகரமான கல்சுபாய், 1,646 மீட்டர், அடுக்கடுக்கான குழம்பினால் ஆனது. அங்கே நருமதை, தபதிப் பக்கத்தில் டைக்குகள் கிழக்கு மேற்காக ஓடுகின்றன; கொங்கணக் கரையில் வடக்கு தெற்காக ஓடுகின்றன. இரண்டும் அங்குள்ள பெரும்பிளவுகளின் திசையைத் தழுவியன. ஆகவே பிளவுகளே குழம்பைக் கொணர்ந்தன என்று பலர் எழுதினர். ஆயினும் நாசிக், புணே ஆகிய ஊர்களுக்கு இடையே உள்ள டைக்குகள் ஒரு திசையும் கொள்ளாது நாற்புறமும் ஓடுகின்றன. மேலடுக்குப் பெருங்குழம்புகள் பலவற்றின் வேதிக்கூறு இவற்றோடே ஒத்திருப்பதை 2011இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டிற்று. குழம்பு மிக வலிமையோடு எழுந்தபோது பிளவின் வழிகாட்டல் அதற்குத் தேவைப்படவில்லை போலும். வெள்ளம் பெருகினால் வாய்க்காலைத் தேடிக்கொண்டா போகும்?

இன்று எரியும் மலைகள்

இறந்தகாலத்தை விட்டு நிகழ்காலத்திற்கு வருவோம். இந்திய நாட்டில் இன்று தீக்கக்கும் மலை ஒன்றே. அது மலைத்தொடரில் இல்லை, கடலில் உள்ளது. அந்தமானில் போர்ட் பிளேருக்கு வடகிழக்கே ஏறத்தாழ 135 கிலோமீட்டரில் உள்ள பாரன் தீவு அது. கடல்மட்டத்திற்கு மேல் 354 மீட்டர் உயரமே உடையது. 1787இல் அது வெடித்தது பதிவாகியுள்ளது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதிக்குப்பின் நெடுங்காலம் உறங்கி, 1991இல் விழித்தது. 1994, 1995 ஆகிய ஆண்டுகளிலும், 2005 முதல் பலமுறையும் குழம்பையும் சாம்பலையும் கக்கியது. இந்தியத் தட்டு அங்கே கிழக்கு நோக்கிக் கீழ்ப்புகுகின்றது. கடல்நீரை உறிஞ்சிய பாறை ஆழத்தில் அந்நீரை விடுவிக்க, மேலுள்ள பாறை உருகுகின்றது.

2004 டிசம்பர் 26ஆம் நாள் நிகழ்ந்த பெருநடுக்கத்தை நாம் மறக்கவியலாது. அதன்பின் 2005 மே மாதத்தில் பாரன் தீவு குமுறியது. நடுக்கமே எரிமலையைத் தூண்டிற்று என்பாரும் உளர். ஆனால் 1991இலும் 1994இலும் அத்தீவு வெடித்தபோது அத்தகைய பெருநடுக்கம் ஒன்றும் முன்னே நிகழவில்லை. குழம்பு ஏற்கெனவே ஆயத்தமாயிருந்த இடத்தில் நடுக்கம் அதனை விரைவுபடுத்தியிருக்கலாம். அதற்கு மேல் சொல்லச் சான்று போதாது.

அதே தட்டின் தென்தொடர்ச்சியான சுமத்திராவில், பிளவும் எரிமலையும் கைகோத்துச் செல்லும் காட்சியை இன்னும் தெளிவாகக் காணலாம். இராசேந்திர சோழனின் படை சென்ற சீவிசய நாடு இருந்தது இத்தீவில்தான். அதன் மேற்குக் கரையில் பாரூசு அருகே 1088ஆம் ஆண்டுத் தமிழ் வணிகர் கல்வெட்டு கிடைத்தது. ஆகவே நமக்கு இத்தீவு அயல் அன்று. அதன் நீளம் முழுதும், ஏறத்தாழ 1,900 கிலோமீட்டர், பக்கவாட்டில் நழுவும் பெரும்பிளவு ஒன்று ஓடுகின்றது. எரிமலைகளும் அதனை ஒட்டியே வரிசையாய் நிற்கின்றன. இங்கே பிளவு எரிமலையை நடத்துகிறதா, எரிமலை பிளவை நடத்துகிறதா என்ற வினா எழுகின்றது. தட்டு நேரே புகாமல் சாய்வாகப் புகுவதால் நிலம் பக்கவாட்டிலும் இழுபடுகிறது. இழுபடும் நிலம் எங்கே உடையும்? எங்கே நலிந்திருக்கிறதோ அங்கே. தீக்குழம்பின் சூட்டால் நலிந்த வரிசையிலேயே பிளவு தன் இடத்தைத் தேடிக்கொண்டது என்று கருதுவது பொருத்தம். அப்படி அமைந்த பிளவு வளைந்து விலகும் இடங்களில் நிலம் வாய் திறக்க, பின்னர் வரும் குழம்புக்கு அது வழியாகின்றது. கொடிக்குக் கொம்பும் கொம்புக்குக் கொடியும் துணையாவது போல ஒன்றையொன்று சார்ந்து வளர்ந்தன எனலாம்.

இப்பிளவை ஒட்டியே தோபா ஏரி கிடக்கின்றது. நீளம் ஏறத்தாழ 100 கிலோமீட்டர். 74,000 ஆண்டுகட்கு முன் அங்கே நிகழ்ந்த வெடிப்பின் சாம்பல் வங்கக் கடலைக் கடந்து வந்து நம் நாட்டில் விழுந்தது. ஆந்திரத்துப் பழைய கர்நூல் மாவட்டத்து ஜுவாலாபுரத்தில் அச்சாம்பல் படிவின் மேலும் கீழும் பழைய மனிதரின் கற்கருவிகள் கிடைத்துள்ளன. தென்னாட்டுக்கு வந்த எரிமலைப் பெருவரவு, மனிதர் வாழ்ந்த காலத்தில், அயல்நாட்டுச் சாம்பலாகவே வந்தது என்பது கருதத்தக்கது.

நம் பக்கத்துப் பிளவுகள்

அப்படியானால் பாலக்காட்டிலும் இடுக்கியிலும் நிலம் அதிர்வது எதனால்? பிளவுகள் பழையவை, ஆனால் முற்றும் உறங்கியவை அல்ல. இந்தியத் தட்டு வடக்கே ஆசியாவை முட்டித் தள்ளிக்கொண்டிருப்பதால் நிலம் முழுதும் நெருக்குண்டு கிடக்கிறது. அந்நெருக்கத்தைத் தாங்கமாட்டாத பழம்பிளவு சற்றே நழுவுகின்றது. 1900 பிப்ரவரி 8ஆம் நாள் கோவை, பாலக்காட்டுப் பக்கத்தை மையமாகக் கொண்டு 6.0 அளவில் நிகழ்ந்த நடுக்கம் தென்னாடு முழுதும் உணரப்பட்டது. 1988 ஜூன் மாதம் இடுக்கி நெடுங்கண்டம் பக்கத்தில் 4.5, 1994 டிசம்பரில் வடக்காஞ்சேரியில் 4.3. இவற்றுள் எதற்கும் பின்னே தீக்குழம்பு வரவில்லை. 1967 டிசம்பர் 11ஆம் நாள் மகாராட்டிரத்துக் கொய்னாவில் 6.3 அளவில் நிலம் அதிர்ந்தது; ஏறத்தாழ 180 பேர் உயிரிழந்தனர். தக்காணக் குழம்பினாலான மலையின் நடுவே, ஆழ்ந்த பிளவின் மேலேயே நிகழ்ந்த நடுக்கம் அது. அங்கேயும் எரிமலை எழவில்லை. அடியில் தீ இல்லை. அணையில் தேங்கிய நீரின் சுமையும் கசிவுமே அப்பிளவைத் தூண்டின என்று அறிஞர் கண்டனர்.

எரிமலை எழுமுன் நிலம் சும்மா இராது. குழம்பு மேலேறும்போது சிறுநடுக்கங்கள் நூற்றுக்கணக்கில் நெருங்கி வரும், நிலம் உப்பும், கந்தக வளி கசியும், ஊற்று நீர் சுடும். தென்னாட்டின் ஆழ்துளைகளில் வெப்பத்தை அளந்து பார்த்ததில், நிலத்தினுள்ளிருந்து வரும் சூடு உலகக் கண்டங்களின் சராசரியினும் மிகக் குறைவு என்று தெரிந்தது. இதனை விட உறுதியான விடை வேறு வேண்டுவதில்லை. கொங்கணக் கரையில் கணேசபுரி, வச்சிரேசுவரி முதலிய இடங்களில் வெந்நீர் ஊற்றுகள் உண்டே எனின், மழைநீர் பிளவின் வழியே ஆழத்திற்கு இறங்கி, அங்குள்ள இயல்பான சூட்டைப் பெற்று மீள்கின்றது. அதற்கு எரிமலை வேண்டியதில்லை.

1998இல் திருநெல்வேலியை அடுத்த அபிஷேகப்பட்டியில் மண் உருகிக் குழம்பாய்ப் பொங்கியது என்ற செய்தி பரவியது. உருகிய கண்ணாடி போன்ற கல்லை மக்கள் கண்ணாரக் கண்டனர். ஆகவே அச்சத்திற்குக் காரணம் இருந்தது. ஆனால் உருகிய இடம் மின்கம்பத்தின் அடி. உயர்அழுத்த மின்சாரம் நிலத்தில் பாய்ந்து மண்ணை உருக்கியது என்பதே ஆய்ந்தோர் கண்ட முடிவு. பிளவைத் தேடுமுன் கம்பத்தைப் பார்த்திருக்கலாம்.

அஞ்சவேண்டுவது வேறொன்று உண்டு. 2002இல் வெளியான இந்திய நிலநடுக்க வரைபடம் கேரளம் முழுவதையும் கோவையையும் மூன்றாம் மண்டலத்தில் வைத்தது. மிதமான நடுக்கத்தை எதிர்நோக்கிக் கட்டடம் கட்டவேண்டிய மண்டலம் அது. இடுக்கியில் குறவன், குறத்தி என்னும் இரு பாறைமலைகளுக்கிடையே, ஏறத்தாழ 169 மீட்டர் உயரத்தில், 1976 முதல் பயன்பட்டு வரும் வளைவு அணை நிற்கின்றது. அதே பெரியாற்றின் மேற்பகுதியில் 1895இல் சுண்ணாம்புச் சாந்து கொண்டு கட்டிய முல்லைப் பெரியாற்று அணை நிற்கின்றது. கீழே கேரளத்து ஊர்கள். மறுபுறம் அந்நீரை நம்பித் தேனியும் மதுரையும் இராமநாதபுரமும். இடுக்கி நீர்த்தேக்கத்தைச் சுற்றி நிலநடுக்கமானிகள் வைக்கப்பட்டுள்ளன. அவற்றின் முள் அசையும்போது பொறியாளர் பார்ப்பது, எந்தப் பிளவு, எவ்வளவு ஆழத்தில், அணையிலிருந்து எத்தனை கிலோமீட்டரில் நழுவிற்று என்பதையே.